நாள் பார்த்துக் கட்டிய பாலிசி

அந்தப் பத்து மாதமும் அத்தை கறுநீலம், அரக்கு என்று அழுத்தமான நிறப் புடவைகளையே கட்டினாள். கறை பட்டால் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுத வேண்டிய வேலை. தொண்ணூறுகளில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாட வீதியை ஒட்டிய எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நாற்பத்து மூன்று வயதில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டியதுதான் என்று அடையாறு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இதையெல்லாம் ஆண்கள் காதுபடப் பேசும் வழக்கம் கிடையாது. அப்பாவிடம் 'வயிற்றில் கட்டி' என்று மட்டும் சொன்னோம். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்தான் எல்லா இடத்துக்கும் அத்தையோடு போனேன்.

அத்தைக்கு மருத்துவக் காப்பீடு இருந்தது. எங்கள் தெருவில் அப்போது வேறு யாரும் அப்படி ஒன்றை எடுத்ததாகத் தெரியவில்லை. யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற பெருமை அவளுக்கு. நான்கு வருடம் தவறாமல் கட்டினாள். ஐந்தாம் வருடம் புதுப்பிக்கிற செக்கை அப்பாவிடம் கொடுத்து, தி.நகர் அலுவலகத்தில் சேர்க்கச் சொன்னாள். கடைசி நாள் அஷ்டமி. மறுநாள் நவமி. அதற்கடுத்து ஞாயிறு. "உடம்பு சம்பந்தப்பட்டது, நாள் பாக்காம குடுக்கப்படாது" என்று அப்பா அதை சுவாமி படத்தடியில் வைத்துவிட்டார். திங்கட்கிழமை குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு போய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ரசீது போட்டார்கள். தாமதம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கட்டி தெரியவந்தது அதற்குப் பிறகு. ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். பதில் அத்தையின் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. மூன்று நாள் இடைவெளி விழுந்ததால் இது புதிய பாலிசியாம். புதிய பாலிசியில் முதல் வருடம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இடமில்லையாம். நான்கு வருடம் கட்டியதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நானும் அத்தையும் தி.நகர் அலுவலக அதிகாரியைப் பார்க்கப் போனோம். டாக்டரம்மாவின் கடிதத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நடுவுல மூணு நாள் விட்டுப் போச்சேம்மா, நான் என்ன பண்ண முடியும்? பத்து மாசம் தள்ளிப் பண்ணிக்குங்களேன்" என்றார். ஏதோ திருப்பதி யாத்திரையைத் தள்ளிப்போடச் சொல்வதுபோல.

"இதையே எழுத்துல குடுங்கோ சார். நான் மேலிடத்துக்கு எழுதறேன்" என்றாள் அத்தை.

முணுமுணுத்துக்கொண்டே டைப் அடிக்கச் சொன்னார். தாள் வந்தது. பேனாவைத் திறந்தவர், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"பன்னண்டு மணி ஆகட்டும்மா. இப்ப ராகு காலம். நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல."

வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இந்த மனுஷன் ராகு காலம் பார்க்கலாம், எங்கள் அப்பா அஷ்டமி பார்த்தால் மட்டும் குற்றமா? உள்ளே போய்க் கத்தியிருப்பேன். அத்தை என் மணிக்கட்டை விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். மேலிடமும் அதே பதிலைத்தான் அனுப்பியது.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போதே அத்தை சொல்லியிருந்தாள். "நாள் தள்ளிப் போனதாலதான்னு உங்கப்பாவுக்குத் தெரியப்படாது. இந்த ஆபரேஷனுக்கு இப்போ குடுக்கறதில்லையாம்னு சொல்லிடு." அப்படியே சொன்னேன். கடன் வாங்கிச் செய்துகொண்டால் அடைக்க வழியில்லை என்று அத்தை மாத்திரைகளை வைத்தே ஓட்டினாள். ஒருநாள் கரும்பலகைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். வருடம் கழிந்து ஆபரேஷன் நடந்தபோது மூன்று பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அத்தையே போய்ப் புதுப்பித்தாள். "வெயில்ல நீ அலைய வேண்டாம்டா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அக்காவுக்கு எம்மேல என்ன கரிசனம் பாத்தேளா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அப்பாவின் முதல் வருடத் திதி முடிந்த சாயங்காலம் அத்தையிடம் கேட்டேவிட்டேன். "உனக்கு அவர் மேல கோவமே வரலையா அத்தை?"

"நான் நன்னா இருக்கணும்னுதான்டி அவன் நாள் பாத்தான்" என்றாள். பிறகு, அத்தனை வருடத்தில் நான் அவளிடம் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: "அந்த ஆபீஸர் யார் நன்னா இருக்கணும்னு பாத்தான்?"