பாய்க்கப்பலில் ஒரு இயற்பியல் டீச்சர்

நான் அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கக் கூடாது. எங்கள் ஏலக்காய்க் கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி சிரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் போனபிறகு வீட்டுப் பெண்களெல்லாம் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் ஒரு அறக்கட்டளை, ஒரு காலத்தில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன பழைய மரத்தோணி ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, மறுபடியும் பாய் கட்டிக் கடலில் விட்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளை நான்கு நாள் அதில் ஏற்றிக் கப்பல் வேலை பழக்குவார்கள். பிள்ளைகளுக்குத் துணிச்சல் வரும், கூடி வேலை செய்யத் தெரியும், நம்மூர்ப் பாய்க்கப்பல்கள் எப்படி ஓடின என்பதும் மறந்து போகாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். போடியில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஏழு இடம். துணைக்கு ஒரு ஆசிரியை.

முந்தின நாள் கூட்டத்தில் ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மாமியார், ஒருவருக்கு விரதம். வராதவள் நான் ஒருத்திதான். என் பெயரை எழுதிவிட்டார்கள்.

"உங்களுக்குத்தான் டீச்சர் பொருத்தம். காத்து, விசை, எல்லாம் உங்க பாடம்தானே" என்றார் தலைமையாசிரியை.

அது உண்மைதான். காற்றுக்கு எதிரே பாய்க்கப்பல் எப்படிப் போகிறது என்று பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்புக்குறி இப்படி, ஒரு அம்புக்குறி அப்படி, இரண்டும் சேர்ந்தால் கப்பல் முன்னால் போகும். ஒரு தடவைகூட அது கவிழ்ந்ததில்லை.

வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் காப்பியைக் கீழே வைத்தார். "கடல்ல உனக்கு என்ன சோலி?"

"பிள்ளைகளப் பாத்துக்கணும்."

"உன்னைய யாரு பாத்துக்குவா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. போடிமெட்டு மலைப்பாதையில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். பஸ்சில் பாதிப்பேர் பாலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது நான் முறுக்குத் தின்றுகொண்டு வருவேன். இதை அவரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டிலும் சொன்னேன். ஆசிரியர் அறையில் இரண்டு தடவை சொன்னேன்.

பெற்றோர் கூட்டத்தில் சிலமலையிலிருந்து வந்த ஒரு அப்பா கையைத் தூக்கினார். "தண்ணி தீந்து போச்சுன்னா என்ன செய்வாக டீச்சர்?"

நான் கடலைச் சொல்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் தீராது அண்ணே என்று சமாதானம் சொன்னேன். அவர் குடிதண்ணீரைக் கேட்டிருக்கிறார். கூட்டம் சிரித்து அடங்க நேரமானது. அவர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு. கடைசி பெஞ்சு. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உட்காரச் சொல்லும்வரை நிற்பாள். அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் "நன்றாகப் படிக்கிறாள், வாய் திறப்பதில்லை" என்று நானே எழுதியிருக்கிறேன். ஊர்க் கிணற்றில் நன்றாக நீந்துவாள் என்பதால் பட்டியலில் வந்தவள்.

தூத்துக்குடியில் தோணியைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். கறுப்புத் தார் பூசிய பெரிய மர உடம்பு, நடுவில் தென்னையைவிட உயர்ந்த பாய்மரம். தோணியை ஓட்டும் தலைவரை அங்கே தண்டல் என்கிறார்கள். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. ஏறினவுடன் சட்டம் சொன்னார்.

"இங்க வேடிக்கை பாக்க ஆளு கெடையாது. பிள்ளைங்களும் சரி, டீச்சரும் சரி, எல்லாரும் வேலை செய்யணும். யாரு சத்தம் போட்டு 'விடு'ன்னாலும் கயித்த விட்டுறணும். ஏன் எதுக்குன்னு பொறவு கேக்கலாம்."

நான் தலையாட்டினேன். பிறகு, பாய் இயங்கும் விதம் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

துறைமுகத்தின் கல் தடுப்பைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தேன்.

மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றும் எங்கே வரும், எங்கே முடியும் என்று தெரியும். கடலில் வளைவு முடிவதே இல்லை. நான் கொண்டுபோன எலுமிச்சம்பழம், இஞ்சி, ஏலக்காய் மூன்றும் வரிசையாகக் கடலுக்குள் போயின. என் பிள்ளைகள் ஏழு பேரும் ஒன்றும் ஆகாமல் சுற்றி நின்று என் முதுகைத் தடவினார்கள். குரங்கணியில் ஜீப்பு ஓட்டுபவரின் மகள் ஒருத்தி, "தூரமாப் பாருங்க டீச்சர், கீழ பாக்காதீங்க, எங்க அப்பா டூரிஸ்டுகாரங்ககிட்ட இதத்தான் சொல்வாரு" என்றாள்.

தண்டல் வந்து பார்த்தார். "சும்மா கெடந்தா இன்னும் வரும். சுக்கானப் பிடிங்க."

சுக்கானைப் பிடித்தேன். திசைகாட்டியில் தெற்கைப் பார்த்து நேராகப் போகச் சொன்னார். கப்பல் கொஞ்சம் இடதுபக்கம் போனால் நான் வலதுபக்கம் திருப்புவேன். கப்பல் உடனே கேட்காது. கேட்கவில்லையே என்று இன்னும் திருப்புவேன். அது மெதுவாக யோசித்து, ஒரேயடியாகத் திரும்பும். அரைமணி நேரம் கழித்துப் பின்னால் பார்த்தேன். நாங்கள் வந்த தடம் தண்ணீரில் கோலம் போட்ட மாதிரி கிடந்தது.

"டீச்சர், லோடு ஏத்துன ஜீப்பு மாதிரி இது" என்றாள் குரங்கணிப் பெண். "அது திரும்ப ஆரம்பிக்கும்போதே நீங்க நேராக்கிறணும்." சுக்கானை வாங்கினாள். முள் அசையாமல் நின்றது. தண்டல் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். என்னை வெங்காயம் உரிக்க அனுப்பினார்.

இரண்டாம் நாள் காற்றே இல்லை. பாய் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. அவசரத்துக்கு இஞ்சின் உண்டு. ஆனால் அவசரம் என்றால் என்ன என்பதில் தண்டலுக்குத் தனிக் கருத்து இருந்தது. மீன்பிடி விசைப்படகு ஒன்று பக்கத்தில் வந்து, "தள்ளி விடணுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனது. தண்டல் அது மறையும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் முடிச்சுப் போடப் பழகினார்கள். நான் போட்ட முடிச்சுகளைச் சமையல்காரர் கத்தியால் அறுத்தார்.

தூரத்தில் திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்தது. ஏழு பேரும் வரிசையாக நின்று காற்று வரவேண்டும் என்று கும்பிட்டார்கள். நான் வரக்கூடாது என்று கும்பிட்டேன். ஏழுக்கு ஒன்று, என்ன செய்வது.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று வந்தது. அன்று சிலமலைப் பெண்ணுக்குக் கப்பலின் முன்மூக்கில் காவல். வலை, மிதவை, வேறு படகு, எதைப் பார்த்தாலும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். வாய் திறக்காதவளை அங்கே நிறுத்தலாமா என்று நான் தண்டலிடம் தயங்கிக் கேட்டதற்கு, "கண்ணு நல்லா இருக்குல்லா?" என்றார். எனக்குப் பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. ஒரு கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கப்பல் ஓட ஆரம்பித்ததும் எனக்குப் பெருமையாகிவிட்டது. என் அம்புக்குறிகள் எல்லாம் உண்மை. வயிறும் ஒழுங்காக இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இப்ப பாருங்க, காத்து இந்தப் பக்கமிருந்து அழுத்துது" என்று பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடையது என்று எனக்கு உடனே தெரியவில்லை.

"தண்ணி கருக்குது! இந்தப் பக்கம்! வெரசா வருது!"

திரும்பிப் பார்ப்பதற்குள் மழைக்காற்று எங்களை அடித்தது. கப்பல் சாய்ந்தது. கப்பலின் மேல்தட்டு ஒரு பக்கம் தண்ணீரைத் தொட்டது. சமையல் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டன. "விடு! கயித்த விடு!" என்று தண்டல் கத்தினார். கயிற்றை விட்டால் பாயில் உள்ள காற்று போய்விடும், கப்பல் நிமிர்ந்துவிடும். இது எனக்குத் தெரியும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஆனால் சாய்கிற கப்பலில் என் கையில் இருந்த ஒரே பிடிமானம் அந்தக் கயிறுதான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன்.

சிலமலைப் பெண் முன்மூக்கிலிருந்து சாய்ந்த தட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து என் முகத்துக்கு நேரே வந்துவிட்டாள்.

"விடுங்க டீச்சர்! விடச் சொல்றாருல்ல! அறிவிருக்கா?"

விட்டுவிட்டேன். கயிறு சீறிக்கொண்டு ஓடியது, பாய் படபடவென்று அடித்தது, கப்பல் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. கப்பல் ஆட்கள் ஓடிவந்து பாயைப் பாதி இறக்கினார்கள். கால்மணி நேரத்தில் மழை நின்று வெயில் அடித்தது. நனைந்து நின்ற மற்ற ஆறு பிள்ளைகளும் இப்போது கடலைப் பார்க்கவில்லை. அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் இந்தக் கப்பலுக்குக் கொசுக்கடி" என்றார் தண்டல். பிறகு அவளிடம், "கருக்குதுன்னு உனக்கு யாரு சொல்லித்தந்தா?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல சோளக்காட்டுல காத்து வந்தா அப்படித்தான் தெரியும்" என்றாள். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் நான் மிச்சமிருந்த ஏலக்காயைத் தட்டி டீ போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கேள்வி சரியான கேள்விதான்" என்றேன். "எனக்குத்தான் பதில் தெரியல."

அவள் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், நான் கொடுத்த டீ புரையேறி இருமினாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது. அவளுக்குப் பேச வராது என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். அவசரமாகச் சொல்லவேண்டிய எதையும் நாங்கள் அவளிடம் ஒப்படைத்ததே இல்லை.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். அவளுடைய அம்மா வயல் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முகத்தில் கோபமா கவலையா என்று தெரியவில்லை.

"எம்மவள என்ன செஞ்சீக டீச்சர்? காலையில போடி பஸ்சு எங்க ஊர்ல நிக்காமப் போகுமா, இவ ஒரு சத்தம் போட்டா பாருங்க, பஸ்சு நின்னுருச்சு. டிரைவரு பயந்து போயி எறங்கி வந்துட்டாரு."

"நல்லதுதானே அக்கா?"

"என்ன நல்லது? இப்ப ஊரே இவள எதிர்பாத்து நிக்குது. பஸ்சு தெரிஞ்சதும், 'ஆத்தா, ஒரு சத்தம் போடு'ங்கிறாக. பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கட்டிக் குடுக்கணும்ல?"

அன்றைக்கு அவள் பள்ளிக்கு நேரத்துக்கு வந்திருந்தாளா என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். முந்தின மாதங்களில் பாதி நாள் தாமதம்; அந்த மாதம் முழுக்க ஒருநாளும் தாமதம் இல்லை. அதை அவரிடம் காட்டினேன். அவர் விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அவ அப்பனும் இப்ப அந்த பஸ்சுலதான் வேலைக்குப் போறாரு" என்றார், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.