மெல்போர்னில் ஒரு தெற்கு ஜன்னல்

சென்னையை அடுத்த கடலோரத் திருவிடந்தையில், சிறுவயதில் எங்கள் வீட்டுத் தெற்கு ஜன்னலோரம் படுக்க எனக்கும் அண்ணனுக்கும் தினமும் சண்டை நடக்கும். காற்று அப்படி! கணவரின் வேலைக்காக மெல்போர்னுக்குக் குடிவந்து, சொந்த வீடு தேடியபோது, படுக்கையறை ஜன்னல்கள் எல்லாம் தெற்கு பார்த்த ஒரு வீடு அமைந்தது. மயங்கிவிட்டேன். உடனே அண்ணனுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"அங்கயும் தெக்கு ஜன்னல் இருக்குதா? வுட்டுடாதம்மா! காத்து சும்மா பிச்சிக்கினு வரும்" என்றார்.

மறுநாள் வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம். அங்கே வாடகைக்கு இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். தரகர் போன் பேச வெளியே போனதும், அவர் படுக்கையறை அலமாரியை நகர்த்திக் காட்டினார். சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை.

"இஞ்ச வெயில் வடக்குப் பக்கத்தாலதான் வரும் அக்கா. தெற்குக் காத்து ஐஸ் மாதிரிக் குத்தும். என்ர மகளுக்கு இருமல் நிண்டபாடில்லை."

என் மகளுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்தால் வெயில் வரும் திசையும் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

பிறகு வடக்கு பார்த்த வீடாக வாங்கினோம். இப்போது யார் வீடு பார்க்கப் போனாலும், "தரகரிடம் கேட்பதற்கு முன்னால் அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள்" என்கிறேன்.

பால் காய்ச்சிய அன்று அந்தப் பெண்ணையும் அழைத்திருந்தோம். மதியம் அவருடைய மகள் எங்கள் வடக்கு ஜன்னல் வெயிலில் படுத்து, ஒருமுறைகூட இருமாமல் தூங்கினாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.