மூன்றில் ஒரு பங்கு கழிவு

அந்த உறையின் மூடியில் இரண்டு பசைகள் இருந்தன. ஐரோப்பாவில் ஒட்டிய மெல்லிய பசை ஒன்று. எங்கள் தபாலில் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டிய தடித்த பசை மற்றொன்று. ரங்கூனுக்கு வந்த வெளிநாட்டுக் கடிதங்கள் அப்போது அப்படித்தான் வரும். சயாமா அதை மேசைமேல் வைத்துவிட்டு, பிரிக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை. துறைமுக வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பொருளாதாரம் கற்பித்தவர். நான் அவருடைய அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளன். வயதில் மூத்தவன் என்பதால் என்னை அண்ணே என்பார். பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த அந்த ஆண்டுகளில், ஐரோப்பிய நாடுகளின் உயர்தொழில்நுட்பத் தொழில்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அங்குள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு அது பிடித்துப்போனால் ஓராண்டு அங்கே ஆராய்ச்சி செய்ய அழைப்பார்கள். அவருக்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

ரங்கூனிலேயே இருந்த வெளிநாட்டுத் தூதரக நூலகம் ஒன்றில் உட்கார்ந்து ஆண்டுப் புத்தகங்களைக் கையால் படியெடுத்து வந்தார். கணினி, மருந்து, தொலைத்தொடர்புக் கருவி, விமானப் பாகம் என நான்கு தொழில்கள், பதினொரு நாடுகள், எட்டு ஆண்டுகள். முந்நூற்று ஐம்பத்திரண்டு எண்கள். தொழிலாளி ஒருவருக்கு எவ்வளவு உற்பத்தி என்று வரிசைப்படுத்துவது என் வேலை.

"அண்ணே, மாடிப்படி ஏறும்போதுகூட வாய் முணுமுணுக்குது. படிய எண்ணுறீங்களா?"

"அம்பத்தாறு, சயாமா. நேத்தும் அம்பத்தாறுதான்."

"என்னிக்காவது அம்பத்தஞ்சு வந்தா சொல்லிடுங்க. பாத்து எறங்குறேன்."

எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத பழக்கம் ஒன்று இருந்தது. சர்க்கார் அனுப்பும் எந்த உற்பத்திக் கணக்கையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத்தான் பயன்படுத்துவோம். நெல் அமோகம் என்று கணக்கு சொல்லும். கடையில் அரிசி இருக்காது. குறைப்பதைக் கழிவு என்போம். அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசமாட்டோம். என் கை இருபது வருடமாக அதைத் தானாகவே செய்துவந்தது.

பின்லாந்தின் தொலைத்தொடர்பு வரிசை வந்தபோது பேனா நின்றது. காடும் பனியுமான அந்தச் சின்ன நாடு, பெரிய நாடுகளையெல்லாம் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. கைப்பேசி இணைப்பு ஒன்றின் விலைக்கு, ரங்கூனின் புறநகரான தாகேதாவில் வீடே வாங்கலாம் என்ற ஊரில் இருந்தவன் நான். இவ்வளவு அழகாக ஏறும் கணக்கு எந்த நாட்டிலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று பட்டது. எட்டு எண்களுக்கும் கழிவு போட்டு மையால் எழுதினேன். சயாமாவிடம் சொல்லவில்லை. முதலிடத்தில் இருந்த நாடு ஆறாவது இடத்துக்கு இறங்கியது. என் அட்டவணையை நம்பி, சிறிய நாடுகளால் இந்தத் தொழில்களில் முந்த முடியாது என்று அவர் முடிவுரை எழுதினார்.

ஒருவழியாகக் கடிதத்தைப் பிரித்துப் படித்தவர், அதை என் பக்கம் தள்ளினார். வாதம் நன்றாக இருப்பதாகவும், ஆனால் ஒரே நாட்டின் எட்டு எண்கள் மூலநூலைவிடச் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். இது கைப்பிழை அல்ல, முடிவுக்கு ஏற்ப எண்களை மாற்றியவரை அழைக்க இயலாது என்று முடித்திருந்தார்கள்.

"கழிவு போட்டீங்களா, அண்ணே?"

"போட்டேன், சயாமா."

"மத்த பத்து நாட்டுக்கு?"

"போடல. அதெல்லாம் நம்புற மாதிரி இருந்துச்சு."

கடிதத்தை மறுபடி படித்தேன். அவருக்கு நான் செய்த கேடு ஒரு பக்கம். அச்சிட்ட கணக்கு ஒன்று அப்படியே உண்மையாக இருக்க முடியும் என்பது இன்னொரு பக்கம். அதுவரை அது எனக்குத் தோன்றியதே இல்லை. சயாமா சிரித்தார், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"நானே எழுதி விளக்குறேன்" என்றேன்.

"ஏன் கொறைச்சீங்கன்னு கேப்பாங்களே? எங்க ஊரு சர்க்கார் கணக்கு பொய், அந்தப் பழக்கம்னு எழுதுவீங்களா? காகிதம் தபாலாபீஸ் தாண்டாது. நீங்களும் தாண்டமாட்டீங்க. விடுங்க, அண்ணே."

விட்டேன். அவர் எந்த நாட்டுக்கும் போகவில்லை. தாகேதா வீட்டில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுத்தார்; அங்கேயே போன வருடம் காலமானார். இந்த வாரம்தான் ஒன்று உறைத்தது. காரணம் எதுவும் எழுதியிருக்க வேண்டாம். சர்க்காரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். 'தவறு என்னுடையது, அவருடையது அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் தபாலில் பிரித்துப் படிப்பவன் எவனும் தடுத்திருக்க மாட்டான். நான்கே சொற்கள். முந்நூற்று ஐம்பத்திரண்டு எண்களை எழுதிய கை அதை எழுதவில்லை.