நனையாத மாவு

அரியலூரில் ஒரு மெடிக்கலில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரெட்டிபாளையத்திலிருந்து சிமென்ட் லாரி ஓட்டும் ஒருவர் வந்து, தன் அம்மாவுக்கு வாங்கிய பிரஷர் மாத்திரை அட்டையைக் கவுண்டரில் விசிறினார்.

“டூப்ளிகேட்டா விக்கிறீங்க? அம்மாவுக்கு மாத்திரை முழுங்க வராது. தண்ணியில போட்டா கரையவே மாட்டேங்குது. தெனமும் நான்தான் கரண்டியால நசுக்கிக் குடுக்குறேன். குடிச்ச கொஞ்ச நேரத்துல தலை சுத்தி உக்காந்துடுறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க மெதுவாகக் கரைகிற மாத்திரை என்று தெரியும்; எப்படி என்று தெரியாது. ஒன்றை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன்.

“லோடு எறக்கிட்டு வாங்கண்ணே, பாத்துடுவோம்.”

அவர் திரும்பி வருவதற்குள் மாத்திரை, ஊறிய சப்ஜா விதையைப்போல வழவழவென்று கூழைப் போர்த்திக்கொண்டு உப்பியிருந்தது. அவர் கண்ணெதிரே பிளேடால் அதை இரண்டாக வெட்டினேன். நடுவில் வெள்ளை மாவு. விரலால் தொட்டேன். அது நனையவே இல்லை! அத்தனை நேரமும் அந்தக் கூழ்தான் தண்ணீரைத் தடுத்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டிருக்கிறது.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அப்ப நான் நசுக்குனதுல, ஒரு நாள் மருந்து முழுசும் ஒரேயடியா உள்ள போயிடுச்சா?”

தலையாட்டினேன். உடனே டாக்டரைப் பார்த்து வேறு மருந்து எழுதி வாங்கச் சொன்னேன். அவர் லாரியை நோக்கி ஓடினார்.

இன்றும் மாத்திரை வாங்க யார் வந்தாலும், அட்டையை நீட்டுவதற்கு முன் என் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது: “யாருக்குங்க? முழுங்குவாங்களா?”