கொக்கிக்குப் பின்னால் வருகிறவள்

ஆர்.டி.ஓ. ஆபீசில் லாரிக்கு எஃப்.சி. கிடைத்த சந்தோஷம் எனக்கு ஒரு ராத்திரிகூட நிலைக்கவில்லை. எஃப்.சி.க்குக் கொண்டுபோகுமுன், ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்கும் கொக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிப்பகுதி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, வண்டியைப் புதுமாப்பிள்ளை மாதிரி நிறுத்துவது எங்கள் வழக்கம். கழற்றுவது சுலபம். திரும்ப மாட்டுவதுதான் என் பிராணனை வாங்கும், ஏனென்றால் மாட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.

கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது எங்கள் பிழைப்பு. அவர் லாரியில் டிரெய்லரை இழுத்துப் போவார். நான் முன்னதாகவே வீடு திரும்ப வேண்டும் என்பதால் ஸ்கூட்டரில் அதை ஒட்டியே பின்னால் போவேன். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் ஆட்டோக்காரர்கள் நடுவில் நுழைந்துவிடுவார்கள். மேம்பாலம் ஏறும்போது கொக்கி கழன்றால் அந்த ஜெனரேட்டர் உருண்டு வந்து விழுவது என் மேல்தான்.

அன்று அத்திபெலேயில் ஒரு ரிசப்ஷன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலேயே சாக்கை விரித்து லாரிக்கு அடியில் படுத்தார். சரியாகக் காயாத பெயிண்ட் மேலேயே கொக்கிப் பட்டையை வைத்து நாலு போல்ட்டையும் முறுக்கினார். குனிந்து பார்த்தேன். பட்டையின் ஓரமெல்லாம் பெயிண்ட் பிதுங்கி நின்றது.

"ஏங்க, பெயிண்ட்ட சுரண்டிட்டு மாட்டுங்க. அது நசுங்கினா போல்ட் தளர்ந்திடும்."

"பெயிண்ட் இருந்தாதான் கெட்டியா பிடிச்சுக்கும். நீ போய் டீ போடு."

டீ போட்டேன். வந்த எரிச்சலில் சர்க்கரை போடவில்லை. அதற்குள் அவர் டிரெய்லரை மாட்டித் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினார். நான் ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டில் போட்டு லேசாக இழுத்தேன். கால் சுற்று சுற்றியது.

"பாருங்க."

"நீ கை வெச்சா லூசாகாம என்ன ஆகும்?"

"இறுக்குற பக்கம்தாங்க திருப்பினேன்."

"சாகு பிடும்மா," என்றார். போதும் விடு என்று அர்த்தம். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "நான் எத்தினி வருஷமா வண்டி ஓட்டறேன்? டைட்டுன்னா டைட்டு."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். கத்திக் கத்தி எனக்கே அலுத்துவிட்டது. லாரி ஓட்ட என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது.

"சரி, இன்னிக்கு லாரிய நான் ஓட்டறேன். நீங்க ஸ்கூட்டர்ல பின்னாடி வாங்க," என்றேன்.

அவர் கொக்கியைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுபடி சாக்கை விரித்தார். நாலு போல்ட்டையும் உருவி, இரும்பு தெரியும்வரை பெயிண்ட்டைச் சுரண்டி, புது ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி மூச்சு வாங்க முறுக்கினார். கல்யாண வீட்டிலிருந்து போன்மேல் போன். நான் கேட்டது நடந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது.

வெளியே வந்தவரிடம் கேட்டேன். "நான் பின்னாடி வர்றப்பவே இதை செஞ்சிருக்கலாம்ல?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, ஒளிக்காமல் சொன்னார்: "நீ பின்னாடி வர்றேங்கறதே எனக்குத் தோணலம்மா."

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷமும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். லாரி சாவிக்குக் கையை நீட்டினேன்.