மல்லிகாக்காவும் நானும் ஒளிர்ந்த நாள்

புளி உடைத்துக்கொண்டிருந்தபோது மல்லிகாக்காவின் மகள் போன் செய்தார். "அம்மா போய்ட்டாங்க பாப்பா."

இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும், ஒடுகத்தூர் சந்தையில் அவரிடம் வேர்க்கடலை வாங்கிய உங்களுக்கு அவர் குரல் தெரியும். எனக்கோ அவர் பேசாமல்தான் அறிமுகமானார். ஸ்கேன் எடுக்க வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கழுத்தில் கட்டி, அவருக்கு நெஞ்சில். கதிர் வீசும் மருந்தைச் சர்க்கரையோடு சேர்த்து ஊசி போட்டிருந்தார்கள். பேசினால் தொண்டைத் தசையும் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், படம் குழம்பும், அதனால் வாய் திறக்காதீர்கள் என்றார் நர்ஸ். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, எங்கள் மலை ஊரில் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்த எனக்கு அது சுலபம். அக்காவுக்குத்தான் தண்டனை. பேச முடியவில்லையே என்று வாய்க்கு முன்னால் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படத்தில் இருவர் கட்டியும் ஒளிர்ந்தது. "புற்றுநோயும் சர்க்கரையை இழுக்கும், கிருமியால வர்ற வீக்கமும் இழுக்கும். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவ எடுப்போம். வீக்கம்னா பெரும்பாலும் மங்கும், புற்றுன்னா ஏறும்" என்றார் டாக்டர்.

முதல் படம் முடிந்துவிட்டதால் இனிப் பேசலாம் என்றார் நர்ஸ். ஆனால் மருந்து உடம்பில் இருக்கும்போது கர்ப்பிணிகள் அருகில் வரக் கூடாதாம். மாசமாக இருந்த மகளை அக்கா வாசலிலேயே நிறுத்தினார். "நம்மளப் பாத்து ஊரே தள்ளி நிக்குது பாப்பா. எம்எல்ஏ வந்தாகூட இப்டி வழி வுடமாட்டாங்க."

இரண்டாம் படத்தில் என்னுடையது மங்கியிருந்தது, அவருடையது ஏறியிருந்தது. பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தும் அதையே உறுதி செய்தார்கள். எனக்குக் காசநோய், அவருக்குப் புற்றுநோய். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

"இன்னா மூஞ்சிய தொங்கப்போட்ற? உன்னுது அணைஞ்சிதே, அது போதும். நல்லானவ வந்து மத்தவளப் பாக்கணும், சரியா?"

மாத்திரையில் என் கட்டி கரைந்தது. சொன்னபடி பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் நோய் குரல் நரம்பை அழுத்தி, அவருக்குப் பேச்சே வரவில்லை. என்னைப் பார்த்ததும் வாய்க்கு முன்னால் விரல்களைக் குவித்து விரித்தார். பிறகு அந்த விரலாலேயே என்னைக் காட்டினார்.

பேசினேன். சாமை அறுப்பு, வழியில் நின்றுபோன பஸ், அடுத்த வீட்டு ஆடு என் தாவணியைத் தின்றது என்று பொழுது சாயும்வரை பேசினேன். அவர் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பேச்சு. கூட்டத்தில் வாய் திறக்காதவள், இன்று உங்கள் முன் நின்று இதைப் படிக்கிறேன். எதிரே விரல் காட்ட அவர் இல்லை. இருந்தாலும் பேசுகிறேன், அக்கா.