ஊரோடு எழுதிய பெயர்

போன கிழமை மகள் ஃபோனில் ஏதோ விளையாட்டை வென்றுவிட்டாள். பெயரும் ஊரும் போடச் சொல்லிக் கேட்டது. தட்டப் போனவளின் கையிலிருந்து ஃபோனைப் பறித்துவிட்டேன்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரே? எல்லாரும் போடுறவை."

விசர்தான். யுத்த காலத்தில், கொழும்பில், கொட்டாஞ்சேனை பார் ஒன்றில் வேலை பார்த்தபோது பிடித்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே கரம்போர்ட் போட்டி நடத்துவது என் பொறுப்பு. இந்தச் சனி வந்தவன் அடுத்த சனியும் வரவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. பரிசு கொடுத்துப் பார்த்தேன். வென்றவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். பிறகுதான் என் மூளை வேலை செய்தது. தோற்றவனின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். திரும்ப வந்து வென்றால்தான் அழிப்பேன். பார்த்திருக்க வேண்டும் நீங்கள், அந்தக் கூட்டத்தை! அவமானத்தைப் போல ஆளை இழுக்கிற சாமான் வேறில்லை. இரண்டு ரத்தினம், மூன்று ரவி இருந்ததால் பக்கத்தில் ஊரையும் எழுதினேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

என் சிநேகிதன் ரத்தினம், வெளிநாடு போக லொட்ஜ் ஒன்றில் காத்திருந்தவன், ஒருநாள் தோற்றான்.

"மச்சான், பேர் கிடக்கட்டும். கிளிநொச்சியை மட்டும் அழியடா. பொலிஸ் கண்டால் புலி எண்டுவாங்கள்."

"வந்து வெல்லு, அழிக்கிறன்."

பலகையின் உச்சியில், ஆறு கிழமையாகத் தோற்றுக்கொண்டிருந்த மணியம். அந்தப் பெயரில் வேறு ஆளில்லை, ஊர் தேவைப்படவில்லை.

"மணியண்ணை, உங்கட பேரை இனிப் பெயின்ற்றால எழுதலாம்!" என்றான் ரத்தினம். பாரே சிரித்தது.

"சிரியுங்கோ, சிரியுங்கோ," என்றார் மணியம்.

அடுத்த சனி அவர் எல்லோருக்கும் முந்தி வந்து, விளையாடாமலே போய்விட்டார். அரை மணித்தியாலத்தில் பொலிஸ். எங்களை ஏறிட்டும் பாராமல் நேரே பலகைக்குப் போனார்கள்.

"கவுத கிளிநொச்சி?" ஆர் கிளிநொச்சி என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

ரத்தினத்தை ஜீப்பில் ஏற்றிய பிறகுதான் கண்டேன். உச்சியில் மணியத்தின் பெயர் இல்லை. ஈர விரலால் துடைத்த தடம் காய்ந்து கிடந்தது.

அந்த பார் இப்போது ஃபோன் கடை. கரம் பவுடர் வாசம் போய்விட்டது, சனிக்கிழமைச் சத்தம் போய்விட்டது. ரத்தினம் திரும்பவே இல்லை.

பார் மூடியபோது பலகையை நான் தூக்கிவந்தேன். வெள்ளவத்தை வீட்டில், அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. ரத்தினத்தின் பெயரை, அவன் வந்து வெல்லாமலே, அழித்தேன். அன்றைக்கே அழித்திருக்கலாம்.

மணியம் கனடாவில் சுகமாக இருக்கிறாராம். இருக்கட்டும். பலகையில் இப்போது அவர் ஒருவர்தான். பெயின்ற்றால் எழுதியிருக்கிறேன், ஊரோடு.